மேடையும் கரும்பலகையும்: அரங்கக் கலைஞர்களே ஆசான்களான வரலாறு

ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி முடிகிறது. கைத்தட்டல் ஓய்கிறது. நடிகர்கள் ஒப்பனையைக் கலைக்கிறார்கள், ரசிகர்கள் வீடு திரும்புகிறார்கள். அதன் பிறகு மேடையில் இன்னொரு கூட்டம் வேலையைத் தொடங்கும். பல வாரங்கள் பாடுபட்டு அமைத்த மாளிகை, சில மணி நேரத்தில் பலகையும் ஆணியுமாகப் பிரிக்கப்படும். அடுத்த நாடகத்துக்கு இடம் வேண்டுமே!

நாடகாசிரியருக்கு அவருடைய நூல் மிஞ்சும். பாடகருக்கு ஒலிப்பதிவு மிஞ்சும். ஓவியருக்குச் சுவரில் தொங்கும் படம் மிஞ்சும். அரங்க வடிவமைப்பாளருக்கு என்ன மிஞ்சும்? சில வரைபடங்கள், சில புகைப்படங்கள், பார்த்தவர்களின் நினைவு. அவ்வளவுதான்.

இத்துறையில் நுழைய விரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. "இந்த வேலை சோறு போடுமா?" என்பார்கள். அது நியாயமான கேள்வியே. அரங்க வடிவமைப்பாளருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. ஒரு நாடகத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கும் ஊதியம்தான். நாடகம் ஓடாவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு விடை பிறந்தது. மேடையில் தொழில் செய்பவரே வகுப்பறையிலும் ஆசிரியராக இருக்கட்டும் என்பதுதான் அந்த விடை. 1925ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஏற்பாடு, உலக நாடக மேடையின் தோற்றத்தையே மாற்றியது எனலாம்.

ஹார்வர்டு மறுத்தது, யேல் ஏற்றது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக யாரும் மதிக்கவில்லை. ஷேக்ஸ்பியரை இலக்கியமாகப் படிக்கலாம். ஆனால் மேடையில் விளக்கு எங்கே பொருத்துவது, சுவரை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் தச்சர் வேலை, கல்வி அல்ல என்பதே அன்றைய எண்ணம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்ற பேராசிரியர் நாடகம் எழுதும் கலையைக் கற்பித்து வந்தார். மாணவர்கள் எழுதிய நாடகங்களை நடித்துப் பார்க்க '47 பட்டறை' என்ற அமைப்பையும் நடத்தினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யூஜின் ஓநீல் அவரிடம் படித்தவர்தான். பேக்கர் தம் பணிக்கென முறையான நாடகத் துறையும் நாடக அரங்கும் வேண்டும் என்று விரும்பினார். ஹார்வர்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர், நாடகத் துறை அமைக்க யேல் பல்கலைக்கழகத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். பேக்கர் யேலுக்குச் சென்றார். 1925இல் துறை தொடங்கியது. 1926இல் பல்கலைக்கழகத்துக்கென்றே ஒரு நாடக அரங்கம் திறக்கப்பட்டது.

பேக்கர் நாடக எழுத்துக்கு மட்டும் துறை அமைக்கவில்லை. நாடகம் என்பது எழுத்து, நடிப்பு, அரங்கம், ஒளி, உடை எல்லாம் சேர்ந்தது என்பது அவர் கருத்து. ஆகவே அரங்க வடிவமைப்பைக் கற்பிக்க ஓர் இளைஞரையும், மேடை ஒளியைக் கற்பிக்க இன்னோர் இளைஞரையும் சேர்த்துக் கொண்டார். இருவரும் அப்போது முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

நியூயார்க்கும் நியூ ஹேவனும்

அரங்க வடிவமைப்பைக் கற்பிக்க வந்தவர் டோனல்ட் ஓன்ஸ்லேகர். 1902இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் பேக்கரின் மாணவர். 1923இல் பட்டம் பெற்று, ஐரோப்பிய நாடக அரங்குகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர்.

அது மேடைக் கலையில் ஒரு திருப்பம் நிகழ்ந்த காலம். அதற்கு முன் மேடை என்றால் வண்ணம் தீட்டிய படுதாக்கள்தாம். அரண்மனைக்கு ஒரு படுதா, காட்டுக்கு ஒரு படுதா, தெருவுக்கு ஒரு படுதா. பினாங்கில் பிறந்து மலாயா முழுவதும் சுற்றிய பங்சாவான் நாடகங்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது புரியும். எந்த நாடகமானாலும் அதே காட்டுப் படுதா இறங்கும்!

சுவிட்சர்லாந்தின் அடோல்ஃப் ஆப்பியாவும் இங்கிலாந்தின் கார்டன் கிரெய்க்கும் இதை எதிர்த்தனர். மேடை என்பது படம் அல்ல, நடிகர் நடமாடும் இடம். ஒவ்வொரு நாடகத்துக்கும் அதற்கே உரிய வடிவம் வேண்டும் என்றனர். 1915இல் ராபர்ட் எட்மண்ட் ஜோன்ஸ் இந்தப் புதிய பாணியை நியூயார்க் மேடையில் காட்டினார். ஓன்ஸ்லேகர் அந்த அலையில் வந்தவர்.

யேல் அமைந்துள்ள நியூ ஹேவன் நகரம் நியூயார்க்கிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில், ரயிலில் போய்வரக்கூடிய இடத்தில் உள்ளது. இந்த ரயில் பாதைதான் ஓன்ஸ்லேகரின் இரட்டை வாழ்க்கைக்கு வழி செய்தது. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் தொழில், நியூ ஹேவனில் பாடம். 1930இல் 'கேர்ள் கிரேஸி', 1934இல் கப்பல் தளத்தில் நடக்கும் 'எனிதிங் கோஸ்', 1937இல் ஜான் ஸ்டெயின்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என அவர் அரங்கம் அமைத்த நாடகங்கள் ஏராளம். 1959இல் அவருக்கு டோனி விருதும் கிடைத்தது.

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் அவர் வகுப்பறையை விட்டு விலகவில்லை. 1925 முதல் 1971 வரை, 46 ஆண்டுகள் யேலில் கற்பித்தார். பழைய அரங்க ஓவியங்களைத் தேடித்தேடிச் சேர்ப்பதும் அவருக்குப் பழக்கம். அந்தச் சேகரிப்பு பின்னர் நியூயார்க்கின் மார்கன் நூலகத்துக்குச் சென்றது. பிரித்து வீசப்படும் கலையில் எதையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்ற அக்கறையே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

ஒளிக்கும் ஒரு பாடம்

பேக்கர் சேர்த்துக் கொண்ட இன்னொருவர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ். 1897இல் பிறந்த இவர் படித்தது கட்டடக் கலை. அன்று மேடை விளக்குகளைப் பார்த்துக் கொண்டவர்கள் மின்பணியாளர்கள். அல்லது அரங்கம் அமைத்தவரே ஒளியையும் சேர்த்துக் கவனித்தார். ஒளியமைப்பு தனிக் கலை என்றோ, அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்றோ யாரும் நினைக்கவில்லை.

மெக்கேண்ட்லெஸ் அதற்கு ஓர் ஒழுங்கு கண்டார். மேடையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் மேலிருந்து, இடமும் வலமுமாக 45 டிகிரி கோணத்தில் இரண்டு விளக்குகள் விழ வேண்டும். ஒன்று மஞ்சள் சாயலில் வெதுவெதுப்பாக, மற்றொன்று நீலச் சாயலில் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அப்போது நடிகரின் முகம் தட்டையாகத் தெரியாமல், மூக்கும் கன்னமும் எடுப்பாகத் தெரியும். 1932இல் இதை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். இன்றும் உலகின் பல நாடகப் பள்ளிகளில் ஒளியமைப்பின் முதல் பாடம் இதுதான்.

பாடமாக எழுதியதால் என்ன நடந்தது? தொழில் இரகசியம் பொதுச் சொத்து ஆனது. ஒரு மின்பணியாளரிடம் பத்தாண்டுகள் எடுபிடியாக இருந்து கற்க வேண்டியதை, ஒரு மாணவர் வகுப்பில் உட்கார்ந்து கற்க முடிந்தது. மின்பணியாளர் கூட்டத்தில் எளிதில் இடம் கிடைக்காத பெண்களுக்கும் அதனால் கதவு திறந்தது.

அப்படி வந்தவர்தான் ஜீன் ரோசன்தால். 1930களின் தொடக்கத்தில் மெக்கேண்ட்லெஸிடம் படித்தார். நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமுக்கு நெடுங்காலம் ஒளியமைத்தார். 1957இல் 'வெஸ்ட் சைடு ஸ்டோரி', 1959இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', 1964இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' ஆகிய புகழ்பெற்ற இசை நாடகங்களுக்கு ஒளி தந்தவர் அவரே. ஒளியமைப்பாளர் என்ற தொழிலை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் ஒளியமைப்புக்கென டோனி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது 1970இல். ரோசன்தால் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

யேலில் 1950இல் பட்டம் பெற்ற தாரன் மஸ்ஸர் அடுத்த படியை ஏறினார். 1975இல் 'எ கோரஸ் லைன்' இசை நாடகத்துக்காகக் கணினியில் இயங்கும் விளக்குக் கட்டுப்பாட்டைப் பிராட்வேக்குக் கொண்டு வந்தார். இன்று எந்தச் சிறிய மண்டபத்திலும் கணினி வழி விளக்கு இயக்குகிறார்கள் என்றால், அந்தப் பாதை இங்கே தொடங்கியது.

சாங்ஹாயிலிருந்து வந்த ஆசான்

இந்த வரிசையில் மிகப் பெரிய பெயர் மிங் சோ லீ. 1930இல் சீனாவின் சாங்ஹாயில் பிறந்தவர். தந்தை யேலில் படித்துத் திரும்பியவர். சிறு வயதிலேயே தாயார் அவரை இசை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். சீன நிலக்காட்சி ஓவியத்தையும் முறையாகக் கற்றார். அரசியல் கொந்தளிப்பில் குடும்பம் ஹாங்காங்குக்கு இடம் பெயர்ந்தது. 1949இல் லீ அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஆக்சிடென்டல் கல்லூரியில் சேர்ந்தார்.

1954இல் நியூயார்க் வந்தவர், அன்றைய முன்னணி வடிவமைப்பாளரான ஜோ மீல்சினரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மற்றவரின் வரைபடங்களைத் தீட்டி, மாதிரிகளை ஒட்டி, தொழிலின் அடி முதல் நுனி வரை பழகினார்.

1962இல் நியூயார்க் மத்தியப் பூங்காவில் டெலகோர்ட் என்ற திறந்தவெளி அரங்கம் திறக்கப்பட்டது. மக்களுக்கு இலவசமாக ஷேக்ஸ்பியர் நாடகங்கள் காட்டும் அரங்கம் அது. லீ அதன் முதன்மை வடிவமைப்பாளரானார். அங்கே படுதா கட்ட முடியாது. பின்னால் மரங்களும் ஏரியும் வானமும் தெரியும். காற்றுக்கும் மழைக்கும் தாங்க வேண்டும். 1964இல் 'எலக்ட்ரா' நாடகத்துக்கு அவர் இரும்புக் குழாய்ச் சாரம் அமைத்து, அதில் கரடுமுரடான கல் போன்ற பலகைகளைத் தொங்கவிட்டார். மாளிகையைப் படமாக வரையாமலேயே ஒரு பழங்கால அரச குடும்பத்தின் இறுக்கத்தை அந்த அரங்கம் உணர்த்தியது. அமெரிக்க மேடை வடிவமைப்பில் அது ஒரு திருப்புமுனை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அந்தக் குழாய்ச் சாரம் விரைவில் நாடெங்கும் பரவியது. எந்த நாடகத்துக்குப் போனாலும் குழாய்கள்! ஒருவர் கண்டுபிடித்த மொழி பலருக்கு வாய்ப்பாடாகிவிடும் அபாயத்தை அது காட்டியது. லீ தாமே அந்தப் பாணியை விட்டு வேறு திசைக்கு நகர்ந்தார்.

1983இல் பிராட்வேயில் 'கே 2' என்ற நாடகம் மேடையேறியது. காரகோரம் மலைத்தொடரின் கே 2 சிகரத்தில், ஒரு சிறு விளிம்பில் சிக்கிக் கொண்ட இரண்டு மலையேறிகளின் கதை. லீ மேடை முழுவதையும் அடைத்து நிற்கும் பனிச் சுவரையே அமைத்துவிட்டார். ஸ்டைரோஃபோமில் செதுக்கிய அந்தச் சுவரில் நடிகர்கள் உண்மையாகவே ஏறி இறங்கினார்கள். அவருக்கு டோனி விருது கிடைத்தது. ஆனால் நாடகம் சில மாதங்களே ஓடியது. சுவரும் போனது. விருது பெற்ற கலைஞரின் நிலையே இது என்றால், மற்றவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

சனிக்கிழமை வகுப்பு

லீ 1969இல் யேலில் கற்பிக்கத் தொடங்கினார். ஓன்ஸ்லேகர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளே இருந்தன. ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறையிடம் பொறுப்பை ஒப்படைத்தது போல் ஆயிற்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1966இல், பள்ளியின் தலைவர் ராபர்ட் புரூஸ்டீன் 'யேல் ரெப்பர்ட்டரி' என்ற தொழில்முறை நாடக அரங்கத்தைப் பள்ளியோடு சேர்த்துத் தொடங்கியிருந்தார். மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி மருத்துவமனை இருப்பது போல, நாடக மாணவர்களுக்கு ஒரு பயிற்சி அரங்கம்.

லீயின் சனிக்கிழமை வகுப்பு பெரும் புகழ் பெற்றது. அரங்கம், உடை, ஒளி எந்தப் பிரிவு மாணவரானாலும் அதில் உட்கார வேண்டும். மாணவர்கள் ஒரு நாடகத்தைப் படித்து, அதற்குத் தாங்கள் கற்பனை செய்த அரங்கத்தை அட்டையில் சிறு மாதிரியாகச் செய்து கொண்டு வருவார்கள். மற்ற மாணவர்கள் முன்னிலையில் லீ அதை அலசுவார். அழகாக இருக்கிறதா என்பதைவிட, நாடகத்தைப் புரிந்து கொண்டாயா என்பதே அவருக்கு முக்கியம். இந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள்? அவர்களிடம் பணம் இருக்கிறதா? உள்ளே வருகிறவர் எந்த வழியாக வருவார்? இத்தகைய கேள்விகளுக்குப் பதில் இல்லாத அழகு அங்கே எடுபடாது.

ஒருவரின் மாதிரியை அலசும்போது அறையில் உள்ள அத்தனை பேருமே கற்றார்கள். தொழிலில் நேற்று அவர் சந்தித்த சிக்கல் இன்று வகுப்பில் பாடமாகும். நூலில் மட்டும் படித்த ஆசிரியரால் இதைக் கொடுக்க முடியாது.

வகுப்போடு அவர் நிற்கவில்லை. மனைவி பெட்சியோடு சேர்ந்து, பட்டம் பெறும் வடிவமைப்பு மாணவர்களின் படைப்புகளை நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கும் ஆண்டுக் கூட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்தினார். யேல் மாணவர்கள் மட்டுமல்ல, நாட்டின் பல பல்கலைக்கழக மாணவர்களும் வந்தார்கள். இயக்குநர்களும் தயாரிப்பாளர்களும் நேரில் வந்து அவர்களின் வேலையைப் பார்த்தார்கள். வேலை வாய்ப்பு என்பது அறிமுகத்தால் நடக்கும் தொழிலில், அறிமுகம் இல்லாத பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

மாணவர்கள் என்ற சொத்து

லீயிடம் படித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் அமெரிக்க மேடையின் வரலாற்றையே பார்த்தது போல் இருக்கும். சாண்டோ லோக்வாஸ்டோ, ஜான் லீ பீட்டி இருவரும் டோனி விருதுகளைக் குவித்தவர்கள். ஹெய்டி எட்டிங்கர் 1985இல் 'பிக் ரிவர்' நாடகத்துக்காக டோனி விருது பெற்றார். அரங்க வடிவமைப்புக்கு அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவர். மைக்கேல் யேர்கன் 2005இலும் 2008இலும் டோனி வென்றதோடு, ஆசிரியரைப் போலவே யேலில் பல பத்தாண்டுகள் கற்பித்தார். 2003இல் பட்டம் பெற்ற மிமி லியன், 2015இல் மெக்ஆர்தர் நிதிநல்கையும் 2017இல் டோனி விருதும் பெற்றார்.

ஒளியமைப்பிலும் இந்த மரபு அறுந்துவிடவில்லை. நடனக் கலைஞராகத் தொடங்கி ஒளிக்கு வந்த ஜெனிஃபர் டிப்டன், 1977இலும் 1989இலும் டோனி பெற்றவர். 1981 முதல் பல பத்தாண்டுகள் யேலில் மெக்கேண்ட்லெஸின் பாடத்தைத் தம் வழியில் தொடர்ந்தார்.

லீயின் புகழ் அமெரிக்காவோடு முடியவில்லை. தைவானின் 'கிளவுட் கேட்' நடனக் குழுவுக்காக 1993இல் 'ஒன்பது பாடல்கள்' என்ற படைப்புக்கு அவர் அரங்கம் அமைத்தார். மேடையின் முன்புறம் தாமரைக் குளம்! சிறு வயதில் கற்ற சீன ஓவியம் அறுபது வயதில் மேடையில் பூத்தது. 2008இல் அந்தக் குழுவின் பயிற்சிக் கூடத்தில் தீப்பிடித்து, ஆண்டுக் கணக்கில் சேர்த்த அரங்கப் பொருள்கள் பலவும் எரிந்தன. அரங்கக் கலைஞரின் உழைப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இரட்டைக் குதிரைச் சவாரி

இந்த வாழ்க்கை முறையில் குறையே இல்லையா? உண்டு. நாடகத்தின் இறுதி ஒத்திகை வாரங்களில் வடிவமைப்பாளர் இரவு பகலாக அரங்கில் இருக்க வேண்டும். அப்போது வகுப்பு பாதிக்கப்படும். வகுப்பைக் கவனித்தால் வெளியூர் வாய்ப்புகளை விட வேண்டியிருக்கும். ஆசிரியர் பெரிய கலைஞராக இருந்தால், மாணவர்கள் அவரைப் போலவே செய்யத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. குழாய்ச் சாரத்தின் கதை அதற்கு எச்சரிக்கை.

பல்கலைக்கழகங்களும் தங்களை மாற்றிக் கொள்ள வேண்டியிருந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதினால்தான் பதவி உயர்வு என்றால் மேடைக் கலைஞர் எங்கே போவார்? அமெரிக்காவின் பல நாடகத் துறைகளில், மேடையேறிய அரங்க வடிவமைப்பையே ஆய்வுக்கு இணையான படைப்பாகக் கருதும் வழக்கம் வந்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிலாக, நுண்கலை முதுகலைப் பட்டமே இத்துறையின் உச்சப் பட்டமாக ஏற்கப்பட்டது. மற்ற நாடுகள் கவனிக்க வேண்டிய செய்தி இது. கைத்திறனைக் கல்வியாக ஏற்காத பல்கலைக்கழகத்தால் கைத்திறன் உள்ளவரை ஆசிரியராகப் பெற முடியாது.

பணம் இன்னொரு தடை. மூன்று ஆண்டுப் பட்டப் படிப்பின் கட்டணம் பல ஏழைப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தியது. படித்து முடித்து, நிலையற்ற தொழிலில் இறங்கும் இளைஞர் தோளில் கல்விக் கடனும் ஏறிக் கொண்டது. 2021இல் டேவிட் கெஃபன் என்ற செல்வந்தர் 15 கோடி டாலர் நன்கொடை வழங்கியதை அடுத்து, யேல் நாடகப் பள்ளி தன் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. 1925இல் ஒரு கொடையாளரால் தொடங்கிய பள்ளியின் கதவை, இன்னொரு கொடையாளர் அகலத் திறந்து வைத்தார் எனலாம்.

மிங் சோ லீ 48 ஆண்டுகள் கற்பித்து, 2017இல் ஓய்வு பெற்றார். 2013இல் வாழ்நாள் சாதனைக்கான டோனி விருதும் அவரைத் தேடி வந்தது. 2020 அக்டோபரில், 90ஆவது வயதில் மறைந்தார். அவர் அமைத்த பனிச் சுவரை இன்று யாராலும் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் நியூயார்க்கிலோ வேறு நகரிலோ ஒரு நாடகத்தின் திரை விலகும்போது, அந்த அரங்கத்தை அமைத்தவர் அவருடைய மாணவராகவோ, மாணவரின் மாணவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் தொழில் சோறு போடுமா என்ற கேள்விக்கு இவர்களின் வாழ்க்கை ஒரு பதில் சொல்கிறது. மேடை மட்டும் போதவில்லை; வகுப்பறையும் சேர்ந்தபோது அது தாங்கியது. என்ன மிஞ்சும் என்ற முதல் கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. அரங்கத்தை ஒரே இரவில் பிரித்துவிடலாம். ஒரு மாணவருக்குக் கற்றுக் கொடுத்ததை யாராலும் பிரித்தெடுக்க முடியாது.